அடுப்புக்கு முன்னா, பின்னா?

பிறந்தநாள் கேக்கைக் கடையில் சொல்லிவைத்து வாங்குவதைவிட வீட்டிலேயே செய்துவிடலாம் என்று துணிகிறவர்கள் இன்று சிறுநகரங்களிலும் இருக்கிறார்கள். ஓவன் வந்துவிடுகிறது, பீட்டர் வந்துவிடுகிறது, கிராம் கணக்கில் நிறுக்கத் தராசும் வந்துவிடுகிறது. அதன் பிறகு கேக்கின் மேல் பூவும் கரையும் பிழிய ஒரு பை வேண்டும். பேக்கிங் சாமான் விற்கும் கடையில் பைப்பிங் பை என்று கேட்டால் நான்கைந்து வகைகளை எடுத்துப் போடுவார்கள். ஒருமுறை பிழிந்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் பை, கெட்டியான பருத்தித் துணிப் பை, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு பூசிய துணிப் பை, மெல்லிய பாலியஸ்டர் பை, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சிலிக்கோன் பை. எது நீண்ட நாள் உழைக்கும், எது விலை குறைவு என்பவைதான் வழக்கமாக எழும் கேள்விகள். அவை தேவையான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: இந்தப் பையிலிருந்து பிழியப்படும் பொருள் அதற்குப் பிறகு அடுப்புக்குப் போகுமா, நேராக வாய்க்குப் போகுமா? துணியா சிலிக்கோனா, தையலா ஒட்டா, எத்தனை பைகள், எப்படிக் கழுவுவது என்ற எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கேள்வியின் பதிலிலிருந்தே வழி பிறக்கிறது.

நம் ஊர் இனிப்புக் கடைகளில் பிழியும் பை புதிதல்ல. ஜாங்கிரி பிழிகிறவர் கையில் இருப்பது தடித்த பருத்தித் துணி. நடுவில் ஒரு துளை, துளையைச் சுற்றிக் காஜா எடுத்ததுபோல நெருக்கமான தையல். ஊறவைத்த உளுந்தை வழவழவென்று அரைத்து அந்தத் துணியில் வைத்து, நான்கு முனைகளையும் கூட்டி முறுக்கிப் பிடித்து, காய்ந்த எண்ணெயில் வட்டமும் சுழியுமாகப் பிழிகிறார். எத்தனையோ ஆண்டுகளாக இந்தத் துணி இப்படியே உழைக்கிறது. யாரும் அதை மாற்ற நினைத்ததில்லை. காரணம் இருக்கிறது. உளுந்து மாவில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் துணியின் நூலுக்குள் எண்ணெய்ப் பசை ஏறாது, தண்ணீரில் அலசினாலே பெரும்பாலும் போய்விடும். அதைவிட முக்கியமான காரணம், துணியிலிருந்து இறங்கிய மாவு அடுத்த நொடியே கொதிக்கும் எண்ணெயில் விழுகிறது. துணியின் இழையில் முந்தின நாள் தப்பித் தங்கிய கிருமி ஏதாவது மாவோடு ஒட்டிக்கொண்டு வந்தாலும் எண்ணெயின் சூடு அதைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். ஓவனில் வேகும் வெண்ணெய் பிஸ்கட், எக்லேருக்குப் பிழியும் ஷூ மாவு ஆகியவையும் இதே கணக்கில் சேரும். பிழிவது அடுப்புக்கு முன்னால் என்றால், பையில் சிறு குறை இருந்தாலும் தீ அதைச் சரிக்கட்டிவிடுகிறது.

கேக்கின் மேல் பிழியும் கிரீமுக்கு அந்தக் காப்பு இல்லை. கேக் வெந்து ஆறிய பிறகுதான் கிரீம் ஏறுகிறது. அதற்குப் பின் அது எந்தச் சூட்டையும் பார்ப்பதில்லை. உணவுப் பாதுகாப்புப் பயிற்சிகளில் 5 டிகிரி செல்சியஸ் முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தை ஆபத்தான எல்லை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் சமையலறை வருடம் முழுவதும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஈரமும் சத்தும் இதமான சூடும் கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் இருபது, முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மனிதரின் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் கதை இன்னும் மோசம். பெருகும்போது அது உணவில் விடும் நச்சு, பிறகு சூடாக்கினாலும் எளிதில் அழியாது. எல்லா கிரீமும் ஒரே அளவுக்கு ஆபத்தானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வெண்ணெயைப் போல இரண்டு மடங்கு எடையில் பொடித்த சர்க்கரை சேரும் சாதாரண பட்டர்கிரீமில், கிருமிகள் பயன்படுத்தக்கூடிய தண்ணீரைச் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்கிறது. முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் சேர்த்து அடிக்கும் ராயல் ஐசிங்கிலும் அப்படித்தான். பாலில் எடுத்த விப்பிங் கிரீம், முட்டையும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்ட், கிரீம் சீஸ் ஆகியவற்றில் அந்தத் தடை இல்லை. தண்ணீர் தாராளமாக இருக்கிறது. இவற்றைப் பிழியும் பையின் உட்புறம் எவ்வளவு சுத்தமோ அவ்வளவுதான் கேக்கும் சுத்தம்.

ஆகவே அடுப்புக்குப் பின் வேலை செய்யும் பையில் முதலில் பார்க்க வேண்டியது அதன் உள்பக்கம்தான். பூச்சில்லாத பருத்தித் துணிப் பை இங்கேதான் தோற்கிறது. ஜாங்கிரிக்கு அது ஏற்றது என்பதாலேயே கிரீமுக்கும் ஏற்றது என்று ஆகிவிடாது. துணியின் ஒவ்வொரு நூலும் கொழுப்பை உறிஞ்சும். வெண்ணெய் உள்ளே ஏறி, காற்றுப் பட்டுப் பட்டு நாளடைவில் சிக்கு வாடை எடுக்கும். சிவப்பு நிறம் கலந்த ஐசிங் ஒருமுறை ஏறினால் கறை நிரந்தரம். கொதிக்கும் நீரில் போட்டு எடுக்கலாம் என்பது துணிக்கு இருக்கும் பெரிய அனுகூலம். ஆனால் அப்படி எடுத்த தடித்த துணி மழைக்காலத்தில் உலர ஒரு நாளுக்கு மேல் ஆகும், உலர்வதற்குள் கரும்புள்ளி விழுந்துவிடும். வெண்ணெய் பிஸ்கட் மட்டுமே பிழிகிறவர் பூச்சில்லாத துணிப் பையை வாங்கலாம், அதுவும் அடிக்கடி கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்தத் தயாராக இருந்தால். கிரீம் வேலைக்கு அதை வாங்க வேண்டாம்.

பேக்கரிகளில் பழகிய கைகள் அதிகம் விரும்புவது உட்புறம் பிளாஸ்டிக் அல்லது பாலியூரித்தேன் பூச்சுள்ள பருத்திப் பையை. வெளியே துணி இருப்பதால் கை வழுக்காது. துணியின் தடிமன் உள்ளங்கைச் சூட்டை மெதுவாகவே உள்ளே விடுகிறது. உள்ளே பூச்சு இருப்பதால் கொழுப்பு நூலைத் தொடுவதில்லை. இந்தச் சூட்டு விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குளிர்நாட்டு சமையல் குறிப்புகள் இதற்கு அவ்வளவு முக்கியத்துவம் தருவதில்லை. வெண்ணெய் முழுதாக உருகுவது ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரியில். உள்ளங்கையின் தோலும் அதே அளவு சூட்டில்தான் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் சமையலறையே அந்தச் சூட்டில் இருக்கும்போது, மெல்லிய பையில் பட்டர்கிரீமை வைத்துப் பத்து நிமிடம் பிடித்திருந்தால் கையை ஒட்டிய பகுதி இளகி, பையின் முனையில் செருகிய நாசில் வழியே வரும் பூவின் விளிம்பு மழுங்கிப்போகும். பையின் வயிற்றைக் கட்டிப்பிடிக்காமல், மேலே முறுக்கிய இடத்தில் மட்டும் பிடித்து அழுத்துவது பாதித் தீர்வு. மீதிப் பாதி துணியின் தடிமன். பாமாயில் வகைக் கொழுப்பில் செய்த, பால் சேராத விப்பிங் கிரீமைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு; அது வெண்ணெயைவிடச் சூட்டைத் தாங்கும்.

அப்படிப்பட்டவர்களுக்கு மெல்லிய, பூச்சுள்ள பாலியஸ்டர் பை நல்ல துணை. எடையே தெரியாது, கைக்குள் மடங்கும், உள்ளே இருக்கும் கிரீமின் இறுக்கம் விரலுக்குத் தெரியும், உட்புறத்தை வெளியே திருப்பினால் சுலபமாகத் திரும்பும், சீக்கிரம் உலரும். வீட்டில் கேக் செய்கிறவருக்கு எல்லா வகையிலும் குறைந்த தொல்லை தருவது இதுதான் என்பது என் கணிப்பு. வெளிப்புறத்தில் கிரீம் பட்டால் வழுக்கும் என்பது இதன் குறை. ஒரு காய்ந்த துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம்.

சிலிக்கோன் பைக்குத்தான் இன்று விளம்பரம் அதிகம். நல்ல சிலிக்கோன் 200 டிகிரியையும் தாங்கும் என்பதால் கொதிநீர் அதை ஒன்றும் செய்யாது. சூடான ஷூ மாவையோ உருளைக்கிழங்கு மசியலையோ அப்படியே அதில் நிரப்பலாம். உட்புறத்தில் தையல் கிடையாது. இத்தனை நல்ல குணமும் இருந்தும் நுட்பமான வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அது ரப்பர்போல விரியும். கை கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கு கிரீமைத் தள்ளாமல் பையை உப்பவைப்பதில் போய்விடும். கையை விட்ட பிறகும் சுருங்கும் பை கொஞ்சம் கிரீமைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் பூவின் முனையில் வால் நீளும். எண்ணெயையும் வாசனையையும் சிலிக்கோன் சிறிது உள்வாங்குவதால் பூண்டு மணக்கும் மசியலும் வனிலா கிரீமும் ஒரே பையில் ஒத்துப்போகாது. இன்னொரு எச்சரிக்கை: மலிவான தொகுப்புகளில் நாசில்களோடு வரும் ‘சிலிக்கோன்’ பைகள் பல உண்மையில் இ.வி.ஏ., டி.பி.யு. என்ற வேறு பிளாஸ்டிக்குகள். கிரீம் பிழிய அவையும் உதவும். ஆனால் இ.வி.ஏ. கொதிநீருக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். சிலிக்கோன் என்று நம்பிக் கொதிக்கவைத்தால் பை உருக்குலைந்துவிடும். எத்தனை டிகிரி தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதே நுகர்வோர் செய்யக்கூடிய எளிய சோதனை. கொதிநீரில் போடக் கூடாது என்று எழுதியிருந்தால் அது சிலிக்கோன் அல்ல.

அளவைப் பற்றி மக்கள் அதிகம் யோசிப்பதில்லை. பெரிதாக வாங்கினால் அடிக்கடி நிரப்ப வேண்டாம் என்று பதினெட்டு அங்குலப் பையை எடுத்துவிடுகிறார்கள். கை வலிக்கும்போதுதான் தவறு தெரிகிறது. கை ஒரே விசையோடு அழுத்தினாலும், பை அகலமாக இருந்தால் அந்த விசை பெரிய பரப்பில் பரவி, உள்ளே உண்டாகும் அழுத்தம் குறைகிறது. அதே நேரம், ஒரே அழுத்தத்தில் அகன்ற பையின் சுவரில் விழும் இழுவிசை அதிகம். விட்டம் இரண்டு மடங்கானால் தையலை இழுக்கும் விசையும் இரண்டு மடங்காகும். பெரிய பைகள் தையலில் பிரிவதற்கு இது ஒரு காரணம். நாசிலின் துளை சிறுத்தாலோ தேவைப்படும் அழுத்தம் கடுமையாக ஏறுகிறது. தேன்போல ஒழுகும் திரவத்தில், துளையின் விட்டம் பாதியானால் அதே அழுத்தத்தில் வெளிவரும் அளவு பதினாறில் ஒன்றாகிவிடும். ஐசிங் அப்படியே திரவமல்ல என்றாலும் போக்கு அதுதான். எழுத்து எழுத, சிறு புள்ளி வைக்க, பிஸ்கட்டின் மேல் கோலம்போல இழை போட, பத்து அல்லது பன்னிரண்டு அங்குலப் பையும் அதில் பாதி நிரப்பிய ஐசிங்கும் போதும். ரோஜா, கரைச் சுருள், கப்கேக் மேல் கோபுரம் ஆகியவற்றுக்குப் பதினான்கு அல்லது பதினாறு அங்குலம். பதினெட்டும் அதற்கு மேலும் நாள் முழுவதும் கேக் செய்கிற கடைகளுக்கு. பிழிகிறவரின் உள்ளங்கைக்குள் முறுக்கிய பையின் தலை அடங்க வேண்டும்; அடங்காவிட்டால் அது அவருக்குப் பெரிய பை.

இவ்வளவு தொல்லை எதற்கு, எறியும் பையே சுத்தமானதாயிற்றே என்ற மறுப்பு வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. புதிய பை ஒவ்வொரு முறையும் பழைய எச்சம் இல்லாமல் வருகிறது. காய்ச்சாத முட்டை சேர்ந்து, அதன் பின் அடுப்புக்குப் போகாத கிரீமைப் பிழிகிறவர், கேக் விற்பதைத் தொழிலாக்கி ஒரு நாளில் பல வீட்டுக்குக் கொடுக்கிறவர், வீட்டில் நோயாளிக்கோ கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கோ கிரீம் கேக் செய்கிறவர் ஆகியோர் எறியும் பையைப் பயன்படுத்துவதே சரி. ஏழு நிறத்தில் சிறு சிறு பூ வைக்க வேண்டியவரும் ஏழு துணிப் பைகளை வாங்கிக் கழுவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெண்ணெய்த்தாளைக் கூம்பாகச் சுருட்டினால் போதும். ஆனால் புதிய பை என்பதே சுத்தத்துக்கு உத்தரவாதம் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. கிரீம் தொடும் நாசிலும், அதைப் பையோடு இணைக்கும் கப்ளரும், கையும் கிண்ணமும் மறுபடி மறுபடி பயன்படுபவைதான். நாசிலின் கூர்முனைக்குள் காய்ந்த கிரீமைத் துலக்காமல் புதிய பையில் செருகினால், எறியும் பை கொடுத்த பாதுகாப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. துலக்கத் தெரிந்த கை நாசிலையும் துலக்கும், பையையும் துலக்கும். மாதம் ஒன்றிரண்டு முறை தன் வீட்டுக்குக் கேக் செய்கிறவருக்கு நன்றாகக் கழுவி முழுதாக உலர்த்திய பை போதுமான பாதுகாப்பு. உலர்த்த இடமோ நேரமோ இல்லாதவர் எறியும் பைக்குத் திரும்பிவிடுவது நேர்மையான முடிவு. அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

சுற்றுச்சூழலுக்காகத்தான் துணிப் பை என்று சொல்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டிலும், 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. பைப்பிங் பை அந்தப் பட்டியல்களில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. சட்டம் தடுக்கவில்லை என்பதற்காகக் கிரீம் பூசிய பிளாஸ்டிக்கைக் குப்பையில் போடுவது சரியாகிவிடாது. எண்ணெய்ப் பசையோடு இருக்கும் அந்தப் பையை மறுசுழற்சிக்காரர்கள் எடுப்பது அரிது. ஆனால் துணி என்றாலே பூமிக்கு நல்லது என்பதும் ஆராய்ந்து சொன்ன முடிவு அல்ல. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று, கடையில் சாமான் போடும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு பருத்திப் பையை ஒப்பிட்டது. புவி வெப்பமடைதல் கணக்கில் மட்டும் பருத்திப் பை ஈடுகட்ட வேண்டுமானால் 131 முறை பயன்படுத்தப்பட வேண்டும் என்று அது கண்டது. பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் நூற்பு ஆலை மின்சாரமும் செலவாவதுதான் காரணம். அந்த எண் சாமான் பைக்குரியது. பைப்பிங் பைக்கு அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது. நம் பையைக் கழுவச் சுடுநீர் வேறு செலவாகிறது. ஆனாலும் அதிலிருந்து தெரிவது ஒன்று: பையின் நன்மை அது எதனால் ஆனது என்பதைவிட எத்தனை முறை உழைத்தது என்பதைப் பொறுத்தது. ஐந்து பை கொண்ட தொகுப்பை ஆசையாக வாங்கி நான்கை இழுப்பறையில் பூட்டிவைப்பவர் பூமிக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

இழுப்பறையில் வைத்தால் கெடாதே என்று நினைக்கக் கூடாது. பாலியூரித்தேன் பூச்சு ஈரக் காற்றையும் சூட்டையும் சேர்ந்து தாங்காது. காற்றிலுள்ள நீர் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல அறுக்க, பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். பழைய மழைக்கோட்டின் உட்புறம் ஒட்டிப்போவதும், அலமாரியில் வைத்த கைப்பையின் செயற்கைத் தோல் உதிர்வதும் இதே வேதிமாற்றத்தால்தான். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். அதனால் பயன்படுத்தாத பைகூட வயதாகிக்கொண்டே இருக்கிறது. மடித்து வைத்தால் மடிப்பில் பூச்சு வெடிக்கும். தளர்வாகச் சுருட்டியோ, பையின் காதில் நூல் கோத்துத் தொங்கவிட்டோ வைப்பது நல்லது. தொடக்கத்தில் இரண்டு பைகள் போதும்: ஒன்றைப் பிழியும்போது இன்னொன்று குளிர்சாதனப் பெட்டியில் இறுகிக்கொண்டிருக்கலாம், கோடையில் இது பெரிய உதவி.

கழுவும் முறையிலும் சூட்டுக் கணக்கு ஒன்று உண்டு. முதலில் மிச்ச கிரீமை ஸ்பேட்டுலாவால் வழித்து எடுக்க வேண்டும். தொட்டியில் கொட்டினால் கொழுப்பு குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும். பட்டர்கிரீம் இருந்த பையை உள்ளும் புறமும் திருப்பி, வெண்ணெய் உருகும் அளவைத் தாண்டிய, கை பொறுக்கும் சுடுநீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தோடு ஊறவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் கொழுப்பு இடம்தான் மாறும். முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த மெரிங்கோ ராயல் ஐசிங்கோ இருந்த பைக்கு இது தலைகீழ்: ஏறக்குறைய 60 டிகிரியில் வெள்ளைக்கரு உறையத் தொடங்குவதால், எடுத்த எடுப்பில் கொதிநீரை ஊற்றினால் புரதம் தையலிலும் மூலையிலும் வெந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பும் சுடுநீரும். கூர்முனையில் விரல் நுழையாது. பால் புட்டி கழுவும் பிரஷ்ஷின் சிறு முனை அங்கே நுழையும். கிரீமுக்குப் பயன்பட்ட பையை, அதன் பூச்சு தாங்கும் என்று அட்டை சொன்னால், 77 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் மூழ்கவைப்பது நல்ல வழக்கம். பாத்திரங்களில் கிருமி நீக்க அமெரிக்க உணவு விதிகள் வகுத்திருக்கும் அளவு இது. ஆனால் இத்தனையும் செய்துவிட்டு ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உழைப்பெல்லாம் வீண். கிருமிக்கு வேண்டியது ஈரம். உயரமான டம்ளரின் மேலோ காலி பாட்டிலின் மேலோ உட்புறம் வெளியே தெரியும்படி கவிழ்த்து, நிழலில் காற்றுப் படும் இடத்தில் உலர்த்தி, மறுபடி திருப்பி இன்னொரு முறை உலர்த்த வேண்டும். கடும் வெயில் பூச்சுக்கு ஆகாது.

பசை போகாத பை, சுத்தத்தோடு வேலையையும் கெடுக்கும். வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்கும்போது துளி கொழுப்பு சேர்ந்தாலே நுரை எழாது என்பது மெரிங் செய்கிறவர்கள் அறிந்தது. எழுந்து நிற்கும் நுரையையும் ராயல் ஐசிங்கையும் பையின் சுவரில் படிந்த வெண்ணெய்ப் பசை தளரவைக்கும். நாசிலிலிருந்து வரும் இழை தெளிவிழந்து பரவும். ஆகவே வெண்ணெய் வேலைக்கு ஒன்று, வெள்ளைக்கரு வேலைக்கு ஒன்று எனப் பையைப் பிரித்துக்கொள்வது தேவையானது. நம் ஊரில் இதைவிடக் கவனம் வேண்டிய பிரிவு முட்டை, முட்டையில்லாதது என்ற பிரிவு. முட்டை சேராத கேக் என்று நம்பி ஒருவர் கேட்கும்போது, முந்தின நாள் மெரிங் பிழிந்த பையில் அவருக்குக் கிரீம் வைப்பது அவர் நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம். எவ்வளவு கழுவியிருந்தாலும் துரோகம்தான். நிலக்கடலை, முந்திரி ஒவ்வாமை உள்ள குழந்தைக்குச் செய்யும்போது இது உயிர் விஷயமாகவே ஆகிவிடும். பையின் காதில் வெவ்வேறு நிற நூலைக் கட்டிவைத்தால் குழப்பம் வராது. அப்படிப் பிரித்து வைக்க முடியாதவர் இத்தகைய ஆர்டருக்கு மட்டும் எறியும் பையை எடுப்பது நல்லது.

கடையில் பையைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டியவை சில. உட்புறத்தை வெளியே திருப்பிப் பாருங்கள். திருப்ப முடியாத பையைக் கழுவவும் முடியாது. தையல் உள்ளே இருந்தால், அதன் மேல் பூச்சோ நாடாவோ ஒட்டி மூடியிருக்கிறதா, நூல் வெளியே தெரிகிறதா என்று விரலால் தடவுங்கள். தையலுக்குப் பதில் சூட்டில் ஒட்டிய பையாக இருந்தால் இன்னும் நல்லது. கூர்முனையில்தான் அழுத்தம் முழுவதும் சேர்கிறது. அங்கே இரட்டைத் தையலோ வலுப்பட்டையோ இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாடை அடித்தால் வைத்துவிடுங்கள். கோப்பையும் முட்கரண்டியும் வரைந்த குறியீடோ, உணவுக்கு உகந்தது என்ற அறிவிப்போ அட்டையில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் முனையைப் பெரிதாக வெட்டிவிடாதீர்கள். பெரிய நட்சத்திர நாசில்கள் சாதாரண கப்ளரில் பொருந்தாது, அவை பைக்குள் நேராக உட்கார வேண்டும். அதற்காக ஒரு பையை வெட்டினால் சிறு நாசில் அதில் நிற்காமல் வெளியே பாயும். ஒரு பையைப் பெரிய நாசிலுக்கும், மற்றதைக் கப்ளருக்கும் அளந்து வெட்டுங்கள். நாசிலை உள்ளே விட்டு, அதன் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெளியே வருகிற இடத்தில் பென்சிலால் குறித்து, குறியை விடச் சற்றுக் கீழே வெட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் வெட்டலாம். உட்பூச்சில் நுண்ணிய வெடிப்பு, பிசுபிசுப்பு, கழுவியும் போகாத வாடை, தையலில் கசிவு, கரும்புள்ளி ஆகிய ஐந்தில் எது தெரிந்தாலும் கிரீம் வேலையிலிருந்து அந்தப் பையை விலக்கிவிட வேண்டும். கசிவும் வெடிப்பும் இல்லாமல் கறை மட்டும் ஏறிய பை, ஓவனுக்குப் போகும் பிஸ்கட் மாவுக்கு இன்னும் சில மாதம் உழைக்கும்.